ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளினிக்: துணைக்குப் போனவளின் மதிப்புரை

செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பல் டாக்டர் யார் நல்லவர், குழந்தைக்கு எந்த டே கேர் என்று வாட்ஸாப் குழுவில் கேட்டால் பத்து நிமிஷத்தில் பதில் குவிந்துவிடும். கருக்கலைப்பு கிளினிக் எது நல்லது என்று எந்தக் குழுவிலும் கேட்க முடியாது. கூகுளில் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், பாதிப் பேர் ஒரு நட்சத்திரம். ஒன்று போட்டவர்களில் பலர் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பது படித்தாலே தெரிகிறது. சேவை எப்படி என்று ஒரு வரி இருக்காது. வேத வசனம் இருக்கும்.

நான் கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள், பங்கில் மறைக்கல்வி எடுக்கிறவள். கருக்கலைப்பைப் பற்றி என் திருச்சபை சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு இப்படி ஒரு நிலை வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை, ஏனென்றால் இந்த மதிப்புரையில் நான் எதைப் பாராட்டுகிறேன், ஏன் பாராட்டுகிறேன் என்பது இதிலிருந்துதான் வருகிறது.

நான் துணைக்குப் போனது என் பக்கத்து அபார்ட்மெண்ட் தோழிக்கு. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறாள், அவளுக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. முதல் குழந்தை சிசேரியன், பிறந்து எட்டு மாதம். அடுத்த குழந்தைக்கு ஒன்றரை வருஷமாவது இடைவெளி விடச் சொல்லியிருந்தார்கள். நாள் தள்ளிப் போனதும் பார்த்தாள், ஏழு வாரம். அவளும் அவள் கணவரும் பேசி முடிவெடுத்தபின்தான் என் கதவைத் தட்டினாள். “அக்கா, உங்ககிட்ட கேக்கறதே தப்புன்னு தெரியும். ஆனா வண்டி ஓட்டிட்டு வர வேற யாரும் இல்லக்கா” என்றாள். கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போனேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் கிளினிக்கின் பெயரைச் சொல்லவில்லை. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் பக்கம் இருக்கும் கிளினிக்குகளில் ஒன்று. அந்தக் கரையில் கிரானிட் சிட்டியில் 1974-இலிருந்தே ஒரு கிளினிக் இருக்கிறது. ஃபேர்வியூ ஹைட்ஸில் 2019 அக்டோபரில் இன்னொன்று திறந்தார்கள்.

ஏன் ஆற்றைத் தாண்ட வேண்டும்? மிசௌரியில்தான் 2024 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு இந்த உரிமையை அரசியல் சாசனத்தில் சேர்த்துவிட்டார்களே என்று சிலர் கேட்கக்கூடும். சேர்த்தார்கள்தான். அதன்பிறகு கிளினிக்குகளுக்கான உரிம விதிகள் வழிமறித்தன. 2025 பிப்ரவரியில் ஒரு நீதிபதி அந்த விதிகளை நிறுத்திவைத்தார், மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை விலக்கச் சொன்னது, ஜூலையில் மறுபடி நிறுத்திவைத்தார். ஒவ்வொரு உத்தரவுக்கும் கிளினிக் கதவு திறந்தது, மூடியது. நாங்கள் போன 2025 கடைசியில் மிசௌரியில் சிகிச்சை முறை (டாக்டர் கருவியால் கலைப்பது) கிடைத்தது, மாத்திரை முறை கிடைக்கவில்லை. தோழிக்கு மாத்திரைதான் வேண்டும். வயிற்றில் இன்னொரு கை படுவதையே அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த உரிம விதிகளில் என்னவெல்லாம் இருந்தன என்று வந்தபிறகு படித்தேன். நடைபாதையும் கதவும் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. வெறும் மாத்திரை வாங்க வருகிற பெண்ணுக்கும் உள் பரிசோதனை கட்டாயம் என்பது இன்னொன்று. கருவிகளைக் கிருமி நீக்கம் செய்திருக்கிறார்களா என்று அரசு பார்க்கட்டும், மாதம் ஒருமுறைகூடப் பார்க்கட்டும், யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். மாத்திரை விழுங்கப் போகிறவளுக்குக் கதவின் அகலம் எதற்கு? டெக்சாஸில் 2013-இல் இதே மாதிரி சட்டம் போட்டு, அறுவை மையத்துக்கு உண்டான கட்டட வசதியும், 30 மைல் தூரத்துக்குள் ஒரு மருத்துவமனையில் அனுமதிக்கும் உரிமை பெற்ற டாக்டரும் வேண்டும் என்றார்கள். நாற்பதுக்கு மேல் இருந்த கிளினிக்குகள் பாதியாகக் குறைந்தன. 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரசவத்தில் உயிர் போகும் ஆபத்து கருக்கலைப்பைவிட 14 மடங்கு, பெருங்குடல் சோதனையில்கூடச் சாவு விகிதம் இதைவிடப் பத்து மடங்கு என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 2022-இல், கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை இல்லை என்ற டாப்ஸ் தீர்ப்பு வந்து அந்தப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. மிசௌரியில் அன்றைக்கே தடை அமலுக்கு வந்தது.

தோழி முதலில் போனது தன் பிரசவம் பார்த்த இடத்துக்குத்தான். கத்தோலிக்க நிர்வாகம், அதனால் நானும் அங்கே நம்பிக்கையோடுதான் அனுப்பினேன். “இங்கே செய்வதில்லை” என்றார்கள். சரி, அது அவர்கள் உரிமை. எங்கே செய்வார்கள் என்று கேட்டாள். “அதையும் நாங்கள் சொல்வதில்லை” என்று கையில் வைட்டமின் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிசேரியன் ஆன பெண், அடுத்து எங்கே போவது, எது ஆபத்து, எத்தனை வாரத்துக்குள் போக வேண்டும் என்று எதுவும் தெரியாமல் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். என் விசுவாசத்தின் பெயரால் நடந்தது இது. எனக்கு அது பெரிய வலி.

சட்டம் அவர்கள் பக்கம்தான். 1973-இல், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய ரோ தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ‘சர்ச் திருத்தம்’ என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தேவாலயத்தைக் குறிக்கும் பெயர் அல்ல, ஃபிராங்க் சர்ச் என்ற செனட்டரின் பெயர். மத்திய அரசின் பணம் வாங்குகிறது என்பதற்காக ஒரு மருத்துவமனையை அதன் மனசாட்சிக்கு விரோதமாகக் கருக்கலைப்பு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். அதே சட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு, அதைப் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை: கருக்கலைப்பு செய்ய மறுத்ததற்காக எப்படி ஒரு டாக்டரை வேலையிலிருந்து நீக்கக் கூடாதோ, அப்படியே செய்ததற்காகவும் நீக்கக் கூடாது. செய்கிறவருக்கும் மனசாட்சி உண்டு என்று 1973-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வருகிற பெண்ணின் மனசாட்சியைப் பற்றித்தான் அதில் ஒரு வரி இல்லை.

நம் ஊரில் வேறு மாதிரி. 2002-இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், மருத்துவத் தேவை இருக்கும்போது மதக் காரணத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்புக்கு உதவ மறுக்கக் கூடாது என்றே சொல்கின்றன. எனக்கு அதுவும் முழுக்கச் சரியாகப் படவில்லை. ஜெபமாலை வைத்திருக்கும் ஒரு நர்சைக் கட்டாயப்படுத்தி நிற்க வைப்பதில் என்ன நன்மை? இல்லினாயில் 2016-இல் செய்த திருத்தம் நடுவழி: மறுக்கலாம், ஆனால் அவளுக்கு உள்ள வழிகளைச் சொல்ல வேண்டும், கேட்டால் வேறு எங்கே கிடைக்கும் என்ற தகவலையாவது தர வேண்டும் என்றது. அந்தத் திருத்தத்தை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். ஒரு முகவரியைச் சொல்வதால் என் ஆன்மா கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை.

கிளினிக்குக்கு வருகிறேன். பாப்லர் ஸ்ட்ரீட் பாலத்தைத் தாண்டிப் போனோம். வாசலுக்குத் திரும்பும் இடத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். கிளினிக் ஆள் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினால் கையில் துண்டுப் பிரசுரம், எதிரே ஒரு வேனில் இலவச ஸ்கேன் என்றார். கிளினிக்கின் தொண்டர்கள் வேறு நிறச் சட்டையில் உள்ளே, கார் நிறுத்தும் இடத்தில் நிற்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பொதுச் சாலையில் நிற்பவர் யாரும் கிளினிக் ஆள் இல்லை, நிறுத்த வேண்டியதில்லை.

வேலிக்கு வெளியே நாலைந்து பேர் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்லும் துக்க தேவ ரகசியங்கள். எனக்கு மனப்பாடமான வரிகள். அவர்கள் யாரையும் தடுக்கவில்லை, கத்தவில்லை. அவர்களுக்கு அங்கே நிற்க உரிமை உண்டு, அதை நான் முழு மனதோடு சொல்கிறேன். மாசசூசெட்ஸில் கிளினிக் வாசலைச் சுற்றி 35 அடிக்கு யாரும் நிற்கக் கூடாது என்று போட்ட சட்டத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அந்த வழக்கைப் போட்டவர் எலினர் மெக்கல்லன் என்ற வயதான பெண்மணி, அமைதியாகப் பேசிப் பார்ப்பதுதான் தன் வழி என்றவர். ஆனால் அங்கே ஒலிபெருக்கி வைத்து “அம்மா, என்னைக் கொல்லாதே” என்று குழந்தைக் குரலில் கத்திய ஆள் அந்த ரகத்தில் சேர மாட்டார். தோழி காதைப் பொத்திக்கொண்டாள்.

1994-இல் வந்த ஃபேஸ் சட்டம் கிளினிக் வாசலை மறிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்கியது. அதே சட்டத்தின் அதே பிரிவு, கோவிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ கும்பிடப் போகிறவரை மறிப்பதையும் குற்றம் என்கிறது. இரண்டு வாசலுக்கும் ஒரே காவல். 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தின்கீழ் கிளினிக்குகளை மறித்த வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பான 23 பேருக்கு ஜனாதிபதி ட்ரம்ப் மன்னிப்புக் கொடுத்தார், இனி அசாதாரணமான சந்தர்ப்பங்களில் மட்டும்தான் கிளினிக் வழக்குப் போடுவோம் என்று நீதித்துறை அறிவித்தது. பால்வினில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் கோவில் வாசலை ஒருவன் மறித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் இது எவ்வளவு தவறான போக்கு என்று புரியும்.

உள்ளே போனதும் பை சோதனை, அடையாள அட்டை, பிறகு இன்னொரு கதவு. வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கூப்பிடும்போது முதல் எழுத்தை மட்டும் சொன்னாள். நம் ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னால் அறையில் வேறு யாராவது நம்மவர் திரும்பிப் பார்க்கக்கூடும், அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆலோசனைக்குத் தோழியை மட்டும் தனியாக அழைத்தார்கள். நான் வர முடியாது, கணவர் வந்திருந்தாலும் வர முடியாதாம். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. மிகச் சரியான விதி. நம் வீடுகளில் மாமியார் சொல்லிக் கலைத்த கதைகள் எனக்குத் தெரியும். இப்படி ஒரு கேள்வியை அன்றைக்கு யாராவது அவர்களிடம் கேட்டிருந்தால் என்று இருந்தது.

அவள் வெளியே வந்து சொன்னது: “முடிவு உங்களோடதுதானான்னு ரெண்டு மூணு விதமா கேட்டாங்க அக்கா. அப்புறம் சாமி விஷயமா மனசுல ஏதாவது உறுத்துதா, பேசணுமான்னு கேட்டாங்க.” எல்லா மதத்துப் போதகர்களும் எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டார்கள். மதகுருமார் இந்தப் பக்கமும் இருந்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கருக்கலைப்பு குற்றமாக இருந்த 1967-லேயே நியூயார்க்கில் ஹோவர்ட் மூடி என்ற பாப்டிஸ்ட் போதகர் தலைமையில் 21 மதகுருக்கள் சேர்ந்து, பெண்களைப் பாதுகாப்பான டாக்டர்களிடம் அனுப்பும் ஒரு சேவையை வெளிப்படையாக நடத்தினார்கள்.

மிசௌரிச் சட்டம் இந்த இடத்தில் என்ன செய்தது தெரியுமா? கருத்தரித்த கணத்திலேயே மனித உயிர் தொடங்குகிறது என்று அச்சடித்த ஒரு கையேட்டைப் பெண்ணின் கையில் கொடுத்து, 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. அது என் சபையின் போதனை, நான் அதை நம்புகிறேன். அதை ஒரு இந்துப் பெண்ணின் கையில் அரசாங்கம் ஏன் திணிக்க வேண்டும்? 1989-இல் மிசௌரிச் சட்டத்தின் முகவுரையிலேயே இந்த வாசகம் இருப்பது குறித்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும் இது ஒரு மதக் கொள்கையை அரசு ஏற்பது ஆகும் என்று மாறுபட்டு எழுதினார். 2019-இல் போட்ட சட்டம் இன்னும் வெளிப்படை, சர்வ வல்ல கடவுளே உயிரின் கர்த்தா என்று அங்கீகரிப்பதாகவே அதில் இருக்கிறது. அதை எதிர்த்து 2023-இல் வழக்குப் போட்டவர்கள் பாதிரியார்களும் யூத ரபிகளும். 2024 ஜூனில் செயின்ட் லூயிஸ் நீதிபதி அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. கருவிலேயே உயிர் தொடங்குகிறது என்பது சில மதங்களுக்கு மாறாக இருந்தாலும் அதுவே ஒரு மத நம்பிக்கை ஆகிவிடாது என்றார். பூசையில் அதை மத நம்பிக்கையாகவே கற்றுக்கொண்ட எனக்கு அந்தத் தீர்ப்பு சமாதானம் தரவில்லை. கடவுள் பெயரைச் சட்டத்தில் எழுதிவிட்டு, இது மதம் இல்லை என்று சொல்வது கடவுளுக்குச் செய்கிற மரியாதையும் இல்லை.

ஸ்கேன் எடுத்த பெண், திரையைப் பார்க்க விருப்பமா என்று கேட்டாள். இவள் வேண்டாம் என்றதும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், ஒலியையும் வைக்கவில்லை. ஏழு வாரம் நான்கு நாள், கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, தையல் போட்ட இடத்தில் ஒட்டவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சிசேரியன் ஆனவள் என்பதால் கூடுதலாக நேரம் எடுத்துப் பார்த்தாளாம். இரும்புச் சத்துக்கு விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். ஆய்வகத்துக்கான மத்திய அரசுச் சான்றிதழ் சுவரில், எட்டிப் பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தது. நோயாளியைக் காக்கிற விதி என்றால் இவைதான்.

மாத்திரை கொடுக்கும்போது என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் எதிரே உட்கார்ந்து, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்கும் ஒப்பந்தத் தாளை ஒவ்வொரு வரியாக விளக்கினார். முதல் மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், அங்கேயே தண்ணீரோடு. 24-இலிருந்து 48 மணி நேரத்துக்குள் வீட்டில் மிசோப்ரோஸ்டால் நான்கு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அரை மணி அடக்கிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேட் நனைந்தால் உடனே கூப்பிட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் சேர்த்திருந்தார்கள். தோழிக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், ஆனாலும் இந்த இடத்தில் தமிழில் கேட்டதும் அவள் தோள் இறங்கியது.

காகிதக் கிண்ணத்தில் மாத்திரையை நர்ஸ் நீட்டினாள். இவள் கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து எண்ணெய் ஏறிப்போன ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். விபூதி. நர்ஸ் நீட்டிய கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். என்ன அது என்று கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நெற்றியில் இட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டுத்தான் இவள் கையை நீட்டினாள். மாத்திரையை விழுங்கியபின், “நான் சாமிகிட்ட சொல்லிட்டேன்க்கா” என்றாள். நானும் என் முறையில் அவளுக்காக ஜெபித்தேன், அவள் உடம்புக்காகவும் மனதுக்காகவும். மத சுதந்திரம் என்று வழக்குகளில் சொல்லப்படுவது எனக்கு இந்த இடத்தில் கண்ணெதிரே தெரிந்தது. அவள் கடவுளுக்கும் அவளுக்கும் நடுவே அந்த அறையில் யாரும் வந்து நிற்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருப்பு மிக அதிகம். காலையில் போனவர்கள் சாயந்திரம்தான் வந்தோம். சுற்றிலும் தடை உள்ள மாநிலங்களிலிருந்து, டென்னஸி, ஆர்கன்சா வரையில் இருந்து வருகிறார்கள் என்பது பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேசியதில் தெரிந்தது. அது புரிகிறது, ஆனாலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பால் கொடுக்கிற தாய்க்கு என்று தனி இடம் இல்லை, கழிவறையில் பால் எடுக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் இது கட்டாயம் வேண்டும். வீட்டுக்குத் தந்த காகிதங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான். அன்று இரவு சந்தேகம் கேட்க இரவுநேர எண்ணைக் கூப்பிட்டால் நர்ஸ் திருப்பிக் கூப்பிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலி உள்ளவளுக்கு அது நீண்ட நேரம். கூப்பிட்டபின் அவள் பேசிய விதத்தில் குறை இல்லை, அடுத்த நாளும் அவர்களாகவே அழைத்து விசாரித்தார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அப்பாயின்ட்மெண்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் தாமதமாகும். மிசௌரி இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. எங்களுக்கு 600 டாலருக்குச் சற்று மேல் ஆனது, முடியாதவர்களுக்கு உதவும் நிதிகளைப் பற்றி அவர்களே ஃபோனில் கேட்கிறார்கள், கேட்கும்போது கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பால் கொடுப்பவர்கள் பம்ப் எடுத்துப் போங்கள். வீடு திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லும் எந்தச் சட்டைக்காரருக்கும் நிறுத்தாதீர்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் இதன் கீழே ஒரு வரி எழுதுங்கள், வண்டி ஓட்ட நான் வருகிறேன்.